18 கோடி டாலர் வீரருக்கே பெஞ்ச்: சீனியர் குவார்ட்டர்பேக்கை எப்போது மாற்றணும்?

அமெரிக்க கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இல் 2024 டிசம்பரில் பெரிய பேச்சாக இருந்தது இதுதான். அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி, 36 வயது கிர்க் கசின்ஸை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, புதுமுகம் மைக்கேல் பெனிக்ஸிடம் பொறுப்பைக் கொடுத்தது. அப்போது லீக் சுற்றில் 3 போட்டிகளே பாக்கி இருந்தன. அந்த நேரத்தில் ஏன் அந்த மாற்றம்?

குவார்ட்டர்பேக் ஏன் இவ்வளவு முக்கியம்?

இது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவ பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியும், எறிந்தும் முன்னேறும் ஆட்டம். யாருக்கு எறியலாம், எப்போது எறியலாம் என்று சில நொடிகளில் முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக். அவர் தடுமாறினால் மொத்த அணியும் தடுமாறும்.

கசின்ஸுக்கு என்ன ஆச்சு?

2023 அக்டோபரில் மினசோட்டா அணிக்காக ஆடியபோது அவருக்கு குதிகால் தசைநாண் அறுந்தது. அதற்குப் பிறகும் அவரை நம்பி, 2024 மார்ச்சில் 4 ஆண்டுக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது அட்லாண்டா. அடுத்த மாதமே முதல் சுற்றில் 8-வது வீரராக பெனிக்ஸையும் எடுத்தது. அப்போது பலரும் ஆச்சரியப்பட்டார்கள்.

ஆரம்பம் நல்லாத்தான் இருந்தது. 9 போட்டியில் 6 வெற்றி. பிறகு தொடர்ந்து 4 தோல்வி. கடைசி 5 போட்டிகளில் கசின்ஸ் எறிந்ததில் 1 மட்டுமே டச்டவுன். 9 முறை பந்து எதிரணி கையில் சிக்கியது. அந்த வாரத் திங்கட்கிழமை லாஸ் வேகாஸ் அணியை 15-9 என்று ஜெயித்தும் அவர் இடம் தப்பவில்லை.

கொடுத்த பணம் என்ன ஆகும்?

ஒப்பந்தத்தில் 10 கோடி டாலர் உறுதி செய்யப்பட்ட தொகை. கசின்ஸ் ஆடினாலும் சரி, உட்கார்ந்தாலும் சரி, அது போய்ச் சேரும். அதனால் 'இவ்வளவு கொடுத்தோமே' என்று அவரையே இறக்குவதில் அர்த்தமில்லை. அடுத்த 3 போட்டியை யார் ஜெயித்துக் கொடுப்பார் என்பதே அப்போதைய கேள்வி.

முன்பு என்ன நடந்தது?

2017-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் 11 போட்டியில் 2 மட்டுமே ஜெயித்திருந்தது. தொடர்ந்து 210 போட்டிகளில் முதல் ஆளாக இறங்கிய ஈலை மேனிங்கை அப்போது நிறுத்தினார்கள். ஆனால் அவருக்குப் பதிலாக வந்தவர் அணியின் எதிர்காலம் இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். ஒரே வாரத்தில் பயிற்சியாளர் வேலை போனது, மேனிங் திரும்ப வந்தார்.

2018-இல் பால்டிமோர் கதை வேறு. 4 வெற்றி, 5 தோல்வி என்ற நிலையில் சீனியர் ஜோ ஃப்ளாக்கோவுக்குக் காயம். புதுமுகம் லாமார் ஜாக்சன் இறங்கினார். ஃப்ளாக்கோ குணமான பிறகும் ஜாக்சனே தொடர்ந்தார். 7 போட்டியில் 6 வெற்றி, பிரிவில் முதலிடம்!

அப்போ சரியான நேரம் எது?

பொதுவாக, சீசன் கைவிட்டுப் போன பிறகுதான் அணிகள் மாற்றுகின்றன. அதில் சீனியருக்கு அவமானம்தான் மிச்சம், அணிக்குப் பெரிய லாபம் இல்லை. சரிவு ஒன்றிரண்டு போட்டியோடு நிற்காமல் தொடர்ந்தால், மாற்று வீரரும் தயாராக இருந்தால், வாய்ப்பு உயிரோடு இருக்கும்போதே மாற்றுவதுதான் நல்லது.

அட்லாண்டாவுக்கு அந்த வாய்ப்பு அப்போது இருந்தது. 7 வெற்றி, 7 தோல்வி. பிரிவில் முதலிடத்தில் இருந்த டாம்பா பே ஒரே ஒரு வெற்றிதான் முன்னால் இருந்தது. அந்த அணியை அந்த சீசனில் இரண்டு முறையும் அட்லாண்டா வீழ்த்தியிருந்ததால், சமமாக முடித்தால் முன்னுரிமை அட்லாண்டாவுக்கே என்ற நிலை இருந்தது. 2017 சீசனுக்குப் பிறகு பிளேஆஃப் பக்கமே போகாத அணிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பெனிக்ஸ் சொதப்பவும் வாய்ப்பு இருந்தது. புதுமுகங்கள் தப்பு செய்வது சகஜம். ஆனால் கசின்ஸும் அதே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தார். அந்த வார ஞாயிற்றுக்கிழமை பெனிக்ஸின் முதல் சோதனை நடந்தது. எதிரணி, அதே நியூயார்க் ஜயண்ட்ஸ்!