மூளையைக் காட்டும் ஒளியும் எமது ஆய்வுகூடமும்

விழாக் காலத்திலே பழம்பெருமை பேசி மகிழ்தல் நம்மவர் வழக்கம். அது தகாததன்று. ஆயினும், நினைவுச் சின்னமாக வளைவும் மண்டபமும் எழுப்புமுன், மாணவர் பயிலும் ஆய்வுகூடத்தை எண்ணிப் பார்க்குமாறு பழைய மாணவரை வேண்டுகின்றோம். காரணமுங் கூறுவோம்.

மாரி வெள்ளம் கலந்த நாட்களில் மட்டக்களப்பு வாவியின் அடியை விளக்கொளியாற் காண இயலாது. கலங்கல் நீர் ஒளியைச் சிதறடித்துவிடும். மூளையை ஒளிகொண்டு காண முயன்றோர்க்கும் இதுவே இடர். அலைநீளம் மிக்க ஒளி குறைவாகச் சிதறும் என்னும் உண்மை அவர்க்கு வழிகாட்டிற்று. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார், காபன் நனோக்குழாய்களை எலியின் குருதியிற் செலுத்தி, அவை உமிழ்ந்த, கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ் ஒளியினால், மண்டையோட்டைத் திறவாமலே மூளையின் குருதிக் குழாய்களைப் படம் பிடித்தனர். பருமனுக்கேற்ப நிறம் மாறி ஒளிரும் குவாண்டம் புள்ளிகளுக்காக மூவர் 2023இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இவற்றைக் கண்டு மயங்கிவிடலாகாது. எலியின் மண்டையோடு மெல்லியது, மனிதனுடையதோ தடித்தது. குவாண்டம் புள்ளிகள் பலவற்றிலுள்ள கட்மியம் நஞ்சு. மூளைக் கட்டியை ஒளிரச் செய்து அறுவை வைத்தியர்க்கு உதவுவதென 2017இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மருந்து, நோயாளி வாயாற் பருகும் ஓர் அமிலமேயன்றி நனோப்பொருளன்று. விந்தை எது, பயன் எது எனப் பிரித்தறியும் ஆற்றலே விஞ்ஞானக் கல்வியின் பேறாகும்.

அவ்வாற்றல் மனனத்தால் வாராது. செய்து பார்த்தலால் வரும். மஞ்சட்பொடியை மதுசாரத்திற் கரைத்து ஊதாகடந்த ஒளியிற் பிடித்தால், அது பச்சை கலந்த மஞ்சளாய் ஒளிரும். பச்சிலையை மதுசாரத்தில் ஊறவைத்து வடித்த சாறு செந்நிறமாய் ஒளிரும். 1852இல் ஸ்ரோக்ஸ் பெயரிட்டு விளக்கிய புளோரொளிர்வு இதுவே. இதற்கு வேண்டுவன ஓர் இருட்டறையும் ஒரு விளக்குமே.

‘இவையெல்லாம் செல்வ நாடுகளுக்குரியன, வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு எதற்கு?’ என்பாருமுளர். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும் அவரே. தமிழும் விஞ்ஞானமும் இம்மண்ணிற்கு அந்நியமானவையல்ல. 2008இல் எமது நாட்டிலும் நனோத் தொழினுட்ப நிறுவகம் ஒன்று தோன்றிவிட்டது. அதன் வாயிலில் எம் மாணவர் வேடிக்கை பார்ப்போராய் நிற்பதா, ஆராய்வோராய் நுழைவதா?

வளைவு வருவோர்க்கு வழி காட்டும். இருட்டறையோ பயில்வோர்க்கு ஒளி காட்டும். பழைய மாணவர் தேர்ந்து செய்வாராக.