இஸ்ரோவை விட்டு வந்தவர்கள்

ஹைதராபாத் மல்லாபூர் தொழிற்பேட்டையில் ஏவுகணைகளுக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் அப்பல்லோ மைக்ரோ சிஸ்டம்ஸ், 2018 ஜனவரியில் பங்குச் சந்தைக்கு வந்தது. ஏவுகணைக்கு உள்ளே வைப்பதைச் செய்து கொடுப்பது அந்த நகரத்துக்குப் பழகிய தொழில். அதே ஆண்டு ஜூனில் இரண்டு இளைஞர்கள், முழு ராக்கெட்டையே செய்யப்போவதாகச் சொல்லி அங்கே ஸ்கைரூட் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள்.

பவன்குமார் சந்தனா கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், நாக பரத் டாகா சென்னை ஐ.ஐ.டி. இருவரும் திருவனந்தபுரத்தில் இஸ்ரோ பொறியாளர்கள். அரசு உத்தியோகம், அதுவும் இஸ்ரோவில்! எந்த வீட்டில்தான் ராஜினாமாவை ரசிப்பார்கள்? போதாததற்கு, தனியார் ராக்கெட் விட அப்போது நாட்டில் வழியே இல்லை. விண்வெளித் துறையின் கதவு அவர்களுக்குத் திறந்தது 2020-ல்தான். அதுவரை பறக்க அனுமதி கிடைக்குமா என்று தெரியாமலே மற்றவர் பணத்தில் வேலை நடந்தது. ஆரம்பத்தில் பணம் போட்டவர், ஆன்லைனில் துணி விற்ற மிந்த்ராவின் நிறுவனர் முகேஷ் பன்சால்.

இயந்திரத்துக்குக் கலாம் பெயர்; ராக்கெட்டுக்கு விக்ரம் சாராபாயின் பெயர். 2022 நவம்பர் 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய விக்ரம்-எஸ்ஸின் எடை 545 கிலோ. 89.5 கி.மீ. உயரம் எட்டி, ஐந்தே நிமிடத்துக்குள் வங்கக் கடலில் விழுந்தது. சுற்றுப்பாதைக்குப் போவது அதன் நோக்கமல்ல. ஆனாலும் விண்ணை நோக்கிச் சென்ற முதல் இந்தியத் தனியார் ராக்கெட் அதுதான்.

ஏவுதளம் மட்டும் பழைய முதலாளியான இஸ்ரோவுடையது.