இயந்திரத்துக்கும் ஆசான் வேண்டும்

மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கணினித் துறையினர் அரச ஆவணங்களைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் பெயர்க்கும் ‘சி-த’ என்னுங் கருவியை ஆக்கி, 2018இல் அவ்வாய்வை வெளியிட்டனர். மனமாரப் பாராட்டுகிறோம்.

1956இல் அரியணையேறிய சிங்களத்தோடு தமிழும் அரசகரும மொழியென 1987இல் 13ஆம் திருத்தம் விதித்தது. ஆயினும் கொம்பனித்தெரு வணிகருக்கும் வன்னிக் கமக்காரருக்கும் கந்தோர்க் கடிதம் தனிச் சிங்களத்தில் வருவது இன்னும் ஒழிந்தபாடில்லை. இயந்திரந்தான் இருக்கிறதே, மொழிபெயர்ப்பாளர் எதற்கு என ஆட்சியாளர் இனி வினவக்கூடும். வினவட்டும்! அவ்வியந்திரம் தமிழ் கற்றது எங்ஙனம்? மொழிபெயர்ப்பாளர் பெயர்த்த வாக்கியங்களைச் சிங்களத்துக்கு நேரே தமிழாக அடுக்கி ஊட்டியதனாலன்றோ! அவர்கள் பேனா ஓய்ந்தால் அதன் பாடமும் ஓயும். காணி உறுதியில் ஒரு சொல் பிறழ்ந்தால் இயந்திரமா பொறுப்பேற்கும்?

அரசு மொழிபெயர்ப்பாளரைப் போதிய அளவில் நியமிக்கட்டும். அவர்கள் பெயர்த்தவற்றை ஆய்வாளர்க்கு வழங்கட்டும்.