எச்சில் ஒழுகும் பருவம்

மட்டாஞ்சேரியில் மழைக்காலம் வந்துவிட்டால் எதுவும் சுலபத்தில் காயாது. மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகளிலும் சரி, அவற்றின் பின்னால் நெருக்கமாகக் கட்டப்பட்ட வீடுகளின் கொடிகளிலும் சரி, ஈரம் தங்கிவிடும். வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருந்தால் இன்னொரு ஈரமும் சேர்ந்துகொள்ளும். காலையில் போட்ட சட்டை பத்து மணிக்குள் மார்பு வரை நனைந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் முகவாயும் கன்னமும் சிவந்து சொரசொரப்பாகும். கழுத்து மடிப்பில் பொடிப்பொடியாகத் தடிப்புகள் தோன்றும். குழந்தை முஷ்டியை வாயில் திணித்துக்கொண்டு அழும்.

உடனே ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பும். "கிராம்புத் தைலம் ஒரு சொட்டு ஈறுல தடவும்மா, பல்லு சுளுவா வந்துடும்" என்பார் மாமியார். பவுடர் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பார் பக்கத்து வீட்டு அக்கா. மருந்துக் கடைக்காரர் ஈறில் தடவும் ஜெல் ஒன்றை எடுத்து நீட்டுவார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தவிப்பார் இளம் தாய்.

மும்பை, கோவா, விசாகப்பட்டினம் என்று கடலோர ஊர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. மூன்று யோசனைகளும் அன்பில் பிறந்தவைதான். ஆனால் மூன்றையும் தள்ளிவிடுவதே குழந்தைக்கு நல்லது. சிவந்திருக்கும் முகவாய்க்குத் தேவை மருந்தல்ல, ஈரத்திலிருந்து விடுதலை.

எச்சில் ஒழுகுவதற்கெல்லாம் பல்தான் காரணம் என்று நினைப்பது பாதி உண்மை. மூன்று மாத வாக்கில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுறுசுறுப்படைகின்றன. சுரப்பதை அவ்வப்போது விழுங்கும் பழக்கமோ குழந்தைக்கு இன்னும் வந்திருக்காது. கீழ்வரிசையின் முதல் பால் பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தையொட்டி எட்டிப் பார்க்கும். சில குழந்தைகளுக்கு நாலாம் மாதத்திலேயே வரும், சிலருக்கு ஆண்டு நிறைவு வரை தாமதிக்கும். இருபது பால் பற்களும் முளைத்து முடிய இரண்டரை முதல் மூன்று வயதாகிவிடும். ஆகவே இது ஒரு வாரத்தில் முடியும் சமாசாரம் அல்ல. விட்டு விட்டு வரும்.

உமிழ்நீர் உணவைச் செரிக்க உதவும் திரவம். அது எந்நேரமும் தோலில் ஊறினால் தோலின் மேல் காப்பு கரைந்து பலவீனமடைகிறது. குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது என்பதால் பாதிப்பும் சீக்கிரம் தெரிகிறது. நனைவது, காய்வது, மறுபடி நனைவது என்ற சுழற்சியில் எரிச்சல் உண்டாகிறது. அதன் மேல் துண்டால் அழுத்தித் துடைத்தால் புண்ணாகிறது. இது உடம்புச் சூட்டால் வருவதல்ல, தொற்றிக்கொள்வதும் அல்ல.

செய்ய வேண்டியது எளிமையானது. எச்சில் வழியும்போது மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பால் குடித்ததும், கூழோ பழமோ ஊட்டியதும் வெதுவெதுப்பான நீரில் முகவாயையும் கழுத்து மடிப்பையும் கழுவி, ஒற்றி உலரவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்பு தேவையில்லை. தோல் நன்றாக உலர்ந்த பிறகு, வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகப் பூசலாம். ஊட்டுவதற்கு முன்பும் தூங்கப் போடும் முன்பும் பூசினால் எச்சில் நேரடியாகத் தோலைத் தொடாது. அமெரிக்காவில் ராபர்ட் செஸ்ப்ரோ 1872இல் வாஸ்லினுக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பழைய சரக்கு இந்த வேலைக்கு இன்றும் போதுமானது.

கேரள வீடுகளில் இதற்குப் பதில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெய் இருக்கும். பிலிப்பைன்ஸில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், கரப்பான் வகைத் தோல் அழற்சி கொண்ட குழந்தைகளுக்குக் கனிம எண்ணெயைவிடச் சுத்தமான தேங்காயெண்ணெய் கூடுதல் பலன் தந்தது. எச்சில் தடிப்புக்கும் அதை லேசாகப் பூசிப் பார்க்கலாம். சிவப்பு கூடினாலோ தோலில் நீர் கசிந்தாலோ நிறுத்திவிட வேண்டும்.

மீதி வேலை துணியினுடையது. மட்டாஞ்சேரியை ஒட்டி, ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் உள்ள சலவைத் துறையில் இதற்கான பாடம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் கொச்சியை ஆண்டது 1663 முதல் 1795 வரை. அவர்கள் காலத்தில் துணி வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் கையால் வெளுக்கிறார்கள். இப்போதுள்ள சலவைக் கூடம் 1976இல் கட்டப்பட்டது. அங்கே கொடிகளில் கிளிப் கிடையாது. முறுக்கிய கயிறுகளுக்கு இடையில் துணியின் முனையைச் செருகிக் காயவிடுகிறார்கள். நன்றாக அலசுவதும், முழுக்கக் காயவைப்பதும், இஸ்திரி போடுவதும் அவர்கள் தொழில்.

குழந்தையின் கழுத்தில் கட்டும் துணிக்கும் இதே பக்குவம் வேண்டும். சோப்பு தங்காமல் இரண்டு முறை அலச வேண்டும். கஞ்சி போடவே கூடாது, விறைத்த விளிம்பு கழுத்தை அறுக்கும். வெயில் இல்லாத நாளில் இஸ்திரி போட்டால் மிச்ச ஈரமும் போய்விடும், ஆறிய பிறகு கட்டலாம். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் துண்டுகள் தேவைப்படும். நனைந்ததும் மாற்ற வேண்டும், தூங்கும்போது அவிழ்த்துவிட வேண்டும்.

இனி வேண்டாதவை. கிராம்பு மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மலிந்து கிடக்கலாம். அதன் தைலம் குழந்தையின் ஈறைப் புண்ணாக்கும். சில மில்லி விழுங்கினாலே ஈரலைப் பாதித்து வலிப்பு வரை கொண்டுபோகக்கூடும். பவுடர் எச்சிலில் குழைந்து மடிப்பில் கட்டியாகும், பறக்கும் தூள் மூச்சுக்குழலுக்கு ஆகாது. வயம்பை, அதாவது வசம்பைத் தேனில் உரைத்துக் கொடுப்பதும் கூடாது. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். பென்சோகெய்ன் கலந்த ஈறு ஜெல்களை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் அறிவித்தது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை அது அபூர்வமாகக் குறைத்துவிடுகிறது என்பதே காரணம். முகத்தில் ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொல்லாமல் தடவக் கூடாது. ஈறு ஊறினால் சுத்தமான விரலால் மெல்லத் தேய்த்துவிடலாம். நனைத்துக் குளிரவைத்த துணியைப் பக்கத்தில் இருந்துகொண்டு கடிக்கக் கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒரு சொல்: 'பல் காய்ச்சல்'. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குழந்தைகளின் மரணத்துக்குப் பல் முளைத்ததையே காரணமாக எழுதிவைத்தார்கள். உண்மையான நோய்கள் அந்தச் சொல்லின் பின்னால் ஒளிந்துகொண்டன. அமெரிக்காவில் 125 குழந்தைகளைக் கவனித்து 2000இல் வெளியான ஆய்வு, 475 பற்கள் முளைத்த நாட்களை ஆராய்ந்தது. எச்சில் ஒழுகுதல், ஈறைத் தேய்த்தல், சிணுங்கல், முகத் தடிப்பு, லேசான சூடு ஆகியவை பல் வரும் நாட்களில் கூடியது உண்மை. கடும் காய்ச்சலுக்குப் பல் காரணமாகத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் தலைகாட்டும் கொச்சியில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் அதைப் பல்லின் கணக்கில் எழுதாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. விடாத வயிற்றுப்போக்கும் வாந்தியும் பல்லால் வருவதல்ல. தடிப்பில் தேன்நிறப் பொருக்கு கட்டினாலும், கொப்புளமோ சீழோ தோன்றினாலும், கழுத்து மடிப்பு பளபளவெனச் சிவந்து சுற்றிலும் புள்ளிகள் பரவினாலும் தொற்று சேர்ந்திருக்கலாம், தனி மருந்து தேவைப்படும். கவனிப்பில் ஒரு வாரமாகியும் குறையாவிட்டால் காட்டிவிடுவது நல்லது. விழுங்க முடியாமல் திடீரென எச்சில் வடிந்து மூச்சுத் திணறினால் நேரே ஆஸ்பத்திரிதான்.

கிராம்புத் தைலத்தைத் தடுத்ததில் மாமியாருக்கு மனவருத்தம் இருக்கலாம். அவரிடம் கேட்டு வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கும், நூறு சலவை கண்டு பஞ்சாகிப் போன பழைய நூல் புடவைதான் அது. அதைக் கிழித்தால் ஒரு டஜன் துண்டு தேறும். பேரன் முகவாய்க்கு அதைவிட இதமான துணி கடையில் கிடைக்காது.