பிணை நிற்காதவர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்

கருவில் இருப்பது உயிர் என்று நம்புகிறவள் நான். ஞாயிறு தவறாமல் சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போகிற குடும்பம். திருவாலங்காடு ஒன்றியத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கருக்கலைப்புச் சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும் என்று சபையில் பேச்சு வரும்போது, "நீங்களாவது நம்ம பக்கம் பேசுங்கக்கா" என்பார்கள். விசுவாசத்தில் நான் அவர்கள் பக்கம்தான். சட்டம் என்று வரும்போது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

முதலில், சட்டம் என்ன சொல்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. 1971இல் வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டால் போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்; அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவர் போன்ற சில பிரிவினருக்குத்தான். அதற்கு மேல், சிசுவுக்குக் கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காக்க என்றால் வாரக் கணக்கு கிடையாது. மணமாகாத பெண்ணுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயது வந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும், கணவன் கையெழுத்து தேவையில்லை. இருந்தும் "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிற இடங்களை என் வேலைக் காலத்தில் பார்த்திருக்கிறேன்.

கேட்டவுடன் கலைத்துக் கொடுக்கும் சட்டம் என்று இதைச் சொல்வது தவறு. இறுதிச் சொல் டாக்டருடையது. வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது வேறு கதை.

கரும்பு வெட்டும் குடும்பத்துப் பெண் ஒருத்தி. இரண்டும் பெண் பிள்ளைகள். மூன்றாவது தரித்து மூன்று மாதம் தாண்டியதும், எங்கோ ஸ்கேன் பார்த்துவிட்டு வந்து, மாமியார் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். டாக்டர் மேற்பார்வையில் 9 வாரத்துக்குள் கொடுக்க வேண்டிய மாத்திரை. ஷேர் ஆட்டோவில் படுக்க வைத்துத் துணை சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாவாடை முழுக்க நனைந்திருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை. 108ஐ வரவழைத்து திருவள்ளூருக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டாள். பிறகு வீட்டுக்குப் போனபோது, "உனக்கு அந்தப் பிள்ளை வேணும்னு இருந்துச்சா?" என்று கேட்டேன். "என்னை யார் கேட்டாங்க நர்சம்மா?" என்றாள்.

தெரிவுச் சுதந்திரம் என்றால் கலைக்கும் சுதந்திரம் மட்டும் என்று இரு தரப்பும் எடுத்துக்கொள்கின்றன. 2009இல் சண்டிகரில் நடந்தது நினைவிருக்கிறதா? அரசு காப்பகத்தில் இருந்த, அறிவு வளர்ச்சி குறைந்த ஒரு பெண் பாலியல் வன்முறையில் கருவுற்றாள். கலைக்க வேண்டும் என்றது நிர்வாகம். உயர் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. பெற்றுக்கொள்ள விரும்புகிறேன் என்றாள் அவள். உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. அந்தக் குழந்தை பிறக்க வழி செய்தது, நாம் திட்டுகிற அதே உரிமைதான்.

மரியாளை எடுத்துக்கொள்ளுங்கள். தேவதூதன் செய்தியைச் சொன்னான், அவள் சந்தேகம் கேட்டாள், பதில் வந்தது, அதன் பிறகே ஒப்புக்கொண்டாள். தேவனே சம்மதத்துக்குக் காத்திருந்த இடத்தில், சட்டத்தைக் கொண்டு வற்புறுத்த நமக்கு என்ன அதிகாரம்?

வற்புறுத்திய நாட்டில் என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் இறந்தார். 17 வாரக் கர்ப்பம். கரு தானாகவே கலைந்துகொண்டிருந்தது, குழந்தை பிழைக்காது என்று தெரிந்திருந்தது. இதயத் துடிப்பு இருக்கிறது என்று சொல்லி, அவர் கேட்ட கருக்கலைப்பை மறுத்தார்கள். கிருமித் தொற்று ரத்தத்தில் பரவி, தாயும் போனார். 2018இல் பொது வாக்கெடுப்பு நடத்தி கருக்கலைப்புத் தடையை அயர்லாந்து மக்களே நீக்கினார்கள். பக்கத்தில் இலங்கையில் இன்றைக்கும் தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி. அங்கே கள்ளத்தனமாகக் கலைப்பது நின்றுவிடவில்லை.

எங்கள் ஊரை ஒட்டியது பழையனூர். நீலி கதை தெரியாதவர் இங்கே கிடையாது. கணவனால் கொலையுண்டவள் பேயாக வந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனாக மறுபிறவி எடுத்தவனைத் தன் புருஷன் என்று வழக்காடுகிறாள். எழுபது வேளாளர்கள் கூடி, 'அவளோடு போ, உனக்கு ஒன்று ஆனால் நாங்கள் உயிர் விடுகிறோம்' என்று சொல்லி அவனை அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். அவர்கள் தீர்ப்பு தப்பாகிப் போனது. ஆனாலும் அவர்களை இன்றுவரை மரியாதையோடுதான் சொல்கிறோம். அடுத்தவர் உயிரைப் பற்றிய வாக்குக்குத் தங்கள் உயிரை ஈடு வைத்தவர்கள் அவர்கள். 'கலைக்காதே, பெற்றுக்கொள்' என்கிற நாம் எதை ஈடு வைக்கிறோம்?

2023 அக்டோபர் 16இல் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி மறுத்தது. அவர் ஏற்கெனவே இரண்டு குழந்தைகளின் தாய். மறுத்ததோடு விடாமல், பிரசவத்தை எய்ம்ஸ் பார்க்க வேண்டும், செலவை மத்திய அரசு ஏற்க வேண்டும், பெற்றோர் தத்துக் கொடுக்க விரும்பினால் அரசு உதவ வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மறுத்த நீதிபதிகள் அரசைப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். சபைகள் இந்த அளவுக்காவது வர வேண்டாமா?

மணமாகாமல் கருவுற்ற பெண்ணுக்குத் திருவிருந்தை நிறுத்தி வைக்கும் சபைகள் இருக்கின்றன. அதற்குக் காரணமான பையன் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருப்பான். அவளை வெளியே நிறுத்திவிட்டு, அவள் மாத்திரை வாங்கப் போனால் கொலைகாரி என்பது என்ன நியாயம்? யோசேப்பு அப்படிச் செய்யவில்லை. ஊர் பழிக்கும் என்று தெரிந்தே மரியாளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டான். வருடா வருடம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவனுக்கு ஒட்டுத் தாடி வைக்கிறோம், அவன் செய்ததைச் செய்வதில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. வளர்க்க முடியாத குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 2 மாத அவகாசம் உண்டு. தமிழக அரசு 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் இருக்கிறது. இதையெல்லாம் ஆலய அறிவிப்பில் வாசியுங்கள். கட்டட நிதி வசூலிக்கிற கையோடு, தனியாகப் பெற்றெடுக்கத் துணிகிறவளின் ஸ்கேன் செலவுக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் ஒரு நிதி ஒதுக்குங்கள். திருவிருந்தை நிறுத்தும் வழக்கத்தை நிறுத்துங்கள். அதையும் மீறி ஒருத்தி கலைக்கத்தான் போகிறாள் என்றால், மெடிக்கல் கடைக்குப் போகாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள், உயிராவது மிஞ்சும்.

இவ்வளவையும் செய்துவிட்டுச் சட்டத்தை மாற்றச் சொல்லி வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். அதுவரை இருக்கிற சட்டம் இருக்கட்டும்.