மீனுக்கும் நடுக்குவாதமா?

“மீனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. அதற்கு நடுக்குவாதம் வந்தால் எப்படித் தெரியும்?” பார்க்கின்சன் நோய் பற்றிய ஆய்வுகளில் மீன்களும் பயன்படுகின்றன என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். அவரது தாயார் ஆறு வருடமாக இந்நோயுடன் வாழ்கிறார். “அம்மாவுக்கு இதனால் ஏதும் பிரயோசனம் உண்டா?” என்பது அவரது இரண்டாவது கேள்வி.

சீப்ரா மீனை நீங்கள் கண்டிருப்பீர்கள். அலங்கார மீன் கடைகளில் கூட்டமாக ஓடித்திரியும், நீலக் கோடுகள் கொண்ட, விரல் நீளம்கூட இல்லாத மீன். கங்கைச் சமவெளியின் ஓடைகளும் வயல்களுமே அதன் தாயகம். 1970களில் அமெரிக்காவின் ஒரேகன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்ற விஞ்ஞானி இதனை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். இதன் முட்டையும் குஞ்சும் கண்ணாடி போன்றவை. உயிரோடு இருக்கும்போதே மூளையை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். மனிதரின் பரம்பரை அலகுகளில் சுமார் 70 வீதமானவற்றுக்கு இம்மீனிலும் இணை உண்டென்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

மீனுக்கு நோயை எப்படி வருவிப்பது? இதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. 1982இல் கலிபோர்னியாவில் போதைமருந்து ஏற்றிக்கொண்ட சிலர் திடீரென்று சிலை போல விறைத்துப் போனார்கள். பேசவும் முடியவில்லை, அசையவும் முடியவில்லை. நரம்பியல் வைத்தியர் வில்லியம் லாங்ஸ்டனும் குழுவினரும் துருவிப் பார்த்தபோது, கள்ளமாகத் தயாரித்த அம்மருந்தில் எம்.பி.ரி.பி. என்ற இரசாயனம் கலந்திருந்தது தெரியவந்தது. அது மூளையில் டோபமின் சுரக்கும் கலங்களைத் தேடி அழிக்கிறது. அதைத் தண்ணீரில் கலந்தால் மீன்குஞ்சின் டோபமின் கலங்களும் குறைகின்றன. பார்க்கின்சன் நோயாளருக்குக் கொடுக்கும் செலெஜிலின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த அழிவு தடுக்கப்படுகிறது.

இனி வாசகியின் முதற் கேள்விக்கு வருகிறேன். மீனில் பார்ப்பது கைநடுக்கத்தை அல்ல, நீச்சலை. தொட்டிக்கு நேரே கமரா வைத்து, ஒவ்வொரு மீனும் எவ்வளவு தூரம் நீந்தியது, எத்தனை தடவை அசையாமல் நின்றது என்று கணினியால் கணக்கெடுக்கிறார்கள். நோயுற்ற மீன் குறைவாக நீந்துகிறது, அடிக்கடி நின்றுவிடுகிறது. புதிய தொட்டியில் விட்ட மீன் முதலில் அடியில் பதுங்கிப் பிறகு மெல்ல மேலே வரும். பதற்றம் கொண்ட மீனோ அடியிலேயே கிடக்கும். உணவின் மணத்தை நாடி வருகிறதா என்றும் சோதிப்பதுண்டு.

இந்தப் பதற்றமும் மணமறியாமையும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மணம் தெரியாமல் போகிறது. மலச்சிக்கல் வருகிறது, உறக்கத்தில் கத்திக் கைகால் அடிக்கிறார்கள், மனம் சோர்கிறது. கறி கருகுவது தெரியாத அம்மாவைக் “கவனமில்லை” என்கிறோம். முகத்தசை இறுகிச் சிரிப்பு வராத மாமியை “முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறா” என்கிறோம். ஆண்களென்றால் உடனே வைத்தியரிடம் கூட்டிப்போகிறோம், அது வேறு கதை.

மீனை அப்படியே மனிதராக எண்ணவும் கூடாது. நோயாளரின் மூளையில் படியும் அல்பா சைனூக்ளின் என்ற புரதத்துக்குரிய பரம்பரை அலகே சீப்ரா மீனில் இல்லை. மனிதருடையதைப் புகுத்தித்தான் பார்க்கிறார்கள். அழிந்த மூளைக் கலங்களை மீன் திரும்ப வளர்த்துக்கொள்ளும் ஆற்றலும் உடையது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பரகுவாட் என்ற களைநாசினியையும் இவ்வாறு மீன்களில் சோதித்திருக்கிறார்கள். அதனுடன் வேலை செய்தவர்களிடம் இந்நோய் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. நம் நாட்டில் 2008 முதல் அதைப் படிப்படியாகத் தடை செய்தது வேறு காரணத்துக்காக: அதை அருந்தி இறப்போரைக் குறைப்பதற்கு.

அம்மாவின் குளிசை பெரும்பாலும் லெவோடோபாவாகத்தான் இருக்கும். மீன் ஆய்வு எதுவும் இன்னும் அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. வைத்தியரைக் கேளாமல் அதைத் திடீரென நிறுத்த வேண்டாம். பால், முட்டை, இறைச்சி, பருப்பு ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுத்தால் சிலருக்கு அது சரியாக உறிஞ்சப்படுவதில்லை. சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முந்திக் கொடுக்கலாமா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். குளிசை கொடுத்த நேரத்தையும் விறைப்பு வந்த நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.