மாடுகள் இல்லாத மாதங்களில் மேய்ச்சற்தரை யாருடையது?

ஆண்டின் சில மாதங்களில் மட்டும் பயன்படுத்தப்படும் நிலத்தை வெற்று நிலமெனக் கணக்கிடுவது நிர்வாகங்களின் பழைய வழக்கமாகும். அதன் விலையைச் செலுத்துவோர் கால்நடை வளர்ப்போரே என்பதை மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை விவகாரம் உணர்த்துகின்றது.

பெரும்போக விதைப்பு ஆரம்பமானதும், பயிரைக் காப்பதற்காக மாடுகள் மேற்கு எல்லைப்புற மேய்ச்சற்தரைகளுக்குச் சாய்த்துச் செல்லப்படுகின்றன. அறுவடையின் பின்னர் திரும்பிவந்து வயல்களில் மேய்கின்றன; சாணம் உரமாகின்றது. ஆகவே மேய்ச்சற்தரை வேளாண்மைக்கு எதிரியல்ல, அதன் மறுபாதியாகும்.

2020 ஆம் ஆண்டில் வெளிமாவட்டத்தவர்கள் அங்கு சோளச் செய்கைக்காக நிலம் பிடித்தனர். மாடுகள் கொல்லப்படுவதாகவும் பண்ணையாளர்கள் முறையிட்டனர். 2023 செப்டெம்பர் 15 இல் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர்.

இத்தகைய பருவகால மேய்ச்சல் அற்றுப்போனால் எஞ்சுவது என்ன என்பதற்கு ஸ்கொட்லாந்தின் மலைநாடு விடைகூறுகின்றது. அங்கும் பயிர்களைக் காக்கவே கோடையில் மாடுகள் மலைக்கு ஏற்றப்பட்டன. பெண்களும் இளையோரும் 'ஷீலிங்' எனப்படும் சிறு குடில்களில் தங்கி வெண்ணெயும் பாற்கட்டியும் செய்தனர். 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளில் பெரும் செம்மறிப் பண்ணைகளுக்காக நிலவுடைமையாளர்கள் குடியானவர்களை வெளியேற்றியபோது இவ்வழக்கமும் பெரும்பாலான இடங்களில் மறைந்தது. இன்று இடிந்த அத்திவாரங்களும், அக்காலச் சாணத்தின் வளத்தால் இன்னமும் பசுமை மாறாத புற்றிடல்களுமே சாட்சியாக உள்ளன. தொல்லியலாளர்கள் அவற்றை அளந்து பதிவுசெய்கின்றனர். ஆனால் அளவீடுகளால் பட்டிகள் திரும்பிவிடுவதில்லை.

இதனை ஓர் இனத்தின் முறைப்பாடாக மட்டும் சுருக்கிவிட முடியாது. அம்பாறையின் வட்டமடுவில் தமிழ்க் கால்நடை வளர்ப்போரும் முஸ்லிம் விவசாயிகளும் ஒரே நிலத்துக்காக நீண்டகாலம் முரண்பட்டு வந்துள்ளனர். இரு தரப்பினருக்கும் அது வாழ்வாதாரப் பிரச்சினையாகும். எவருக்கு எப்பருவத்தில் என்ன உரிமை என்பதை எழுத்தில் வரையறுப்பதே அயலவர் பகையைத் தவிர்க்கும் வழியென நாம் கருதுகின்றோம்.

2026 ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சலாளருக்குமான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2022 இல் பிரகடனம் செய்தது. மேய்ச்சற்தரையை எல்லையிட்டு வர்த்தமானியில் பிரகடனப்படுத்துமாறே எமது பண்ணையாளர்களும் கேட்டனர். அது சலுகையன்று, இருக்கும் உரிமையைப் பதிவுசெய்வதாகும். வாய்மொழி உறுதிகளை ஆட்சிகள் மாறும்போது மறந்துவிடலாம். வர்த்தமானியை அவ்வாறு மறப்பது எளிதன்று. எமது பட்டிகளும் தொல்லியலாளரின் அளவுகோலுக்குக் காத்திருக்கும் நிலை ஏற்படலாகாது.